1.8 மில்லிகிராமை எடுப்பது எப்படி: மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்கும்போது அளவு பிசகும் இடங்கள்

மருத்துவர் எழுதிக் கொடுத்த தாளில் "அடுத்த நான்கு வாரம் 1.8 மி.கி." என்று இருக்கிறது. மருந்து எஸ்சிட்டலோப்ராம், மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தருவது. கையில் இருக்கும் அதன் மிகச் சிறிய மாத்திரையோ 5 மி.கி. இரண்டுக்கும் நடுவே உள்ள பள்ளத்தை வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து நாமேதான் தாண்ட வேண்டும். என் அம்மாவுக்காக இந்த வேலையை ஓராண்டுக்கும் மேல் செய்தேன். நாங்கள் நகைப் பட்டறைக் குடும்பம். தராசு எனக்குப் புதிதல்ல என்ற இறுமாப்போடு தொடங்கி, மூன்று பெரிய தவறுகளைச் செய்தேன். அவற்றையும் அவற்றிலிருந்து கற்றதையும் கோளாறு வாரியாக எழுதுகிறேன். உங்களுக்கு நேர்ந்த கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம்.

அதற்கு முன் ஒன்று. எவ்வளவு குறைப்பது, எத்தனை வாரத்துக்கு ஒருமுறை குறைப்பது என்பதெல்லாம் மருத்துவர் தீர்மானிக்க வேண்டியவை. அவர் எழுதிய அளவைப் பிசகாமல் எடுப்பது மட்டுமே இங்கே பேச்சு. பதற்றத்துக்குத் தரும் குளோனாசெபாம் வகை மாத்திரைகளையும் வலிப்புக்கான மாத்திரைகளையும் தாமாகவே திடீரென்று நிறுத்தியவர்களுக்கு வலிப்பு வரக்கூடும். அந்த விஷயத்தில் துணிச்சல் வேண்டாம்.

இவ்வளவு நுணுக்கம் தேவையா என்று வீட்டில் கேட்பார்கள். என் அண்ணன் கேட்டார். எஸ்சிட்டலோப்ராமின் உடன்பிறப்பான சிட்டலோப்ராமை வைத்து 2019இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்த கட்டுரை ஒன்றில் இதற்கு விடை இருக்கிறது. 20 மி.கி. எடுப்பவரின் மூளையில் செரடோனின் கடத்திகளில் (இந்த மருந்து வேலை செய்யும் இடங்கள் அவை) ஏறத்தாழ 80 சதவீதத்தை மருந்து பிடித்திருக்கிறது. அளவை 9 மி.கி. வரை இறக்கினாலும் பிடி 70 சதவீதமாகத்தான் தளர்கிறது. ஆனால் 1 மி.கி.க்குச் சற்றுக் கீழே வரும்போதும் 20 சதவீதம் மிச்சம் இருக்கிறது. மேலே பதினோரு மில்லிகிராம் குறைத்து உடம்பு உணர்ந்ததைவிடப் பெரிய மாற்றத்தைக் கடைசி ஒரு மில்லிகிராம் தந்துவிடும். மேல்படியில் அரை மில்லிகிராம் பிசகினால் ஒன்றும் தெரியாது. கீழ்ப்படியில் அதுவே ஒரு படி முழுவதும்.

கணக்கே குழப்புகிறது: தராசு 130 காட்டுகிறது, அட்டையில் 10 என்று இருக்கிறது

தராசு கெட்டுப்போகவில்லை. அட்டையில் இருப்பது மருந்தின் எடை; தராசு காட்டுவது மாத்திரையின் எடை. மாவு, பிணைப்புப் பொருள், மேல்பூச்சு எல்லாம் சேர்ந்ததுதான் மாத்திரை. அம்மாவின் 10 மி.கி. மாத்திரை 130 மி.கி. எடை இருந்தது. பழைய எடைக் கணக்கில் சொன்னால் ஒரு குன்றிமணிக்குக் கொஞ்சம் கூடுதல். ஆக, 1 மி.கி. மருந்து வேண்டுமென்றால் 13 மி.கி. தூள் எடுக்க வேண்டும். 8.5 மி.கி. வேண்டுமென்றால் 110.5 மி.கி. கொண்ட துண்டு.

இதில் பலரும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒரு மாத்திரையை மட்டும் எடை போட்டு, "இதில் சரியாக 10 மி.கி. இருக்கிறது" என்று கணக்குப் போடுகிறார்கள். ஆனால் மாத்திரைகள் எல்லாம் ஒரே எடையில் வருவதில்லை. 80 முதல் 250 மி.கி. வரை எடையுள்ள மாத்திரைகளுக்கு மருந்து விதிநூல் சராசரியிலிருந்து 7.5 சதவீதம் கூடுதல் குறைவை அனுமதிக்கிறது. தொழிற்சாலையில் கலந்த தூளில் மருந்து சீராகப் பரவியிருக்கிறது என்று கொண்டால், எடை கூடிய மாத்திரையில் மருந்தும் கூடுதலாகவே இருக்கும். ஆகவே பத்து மாத்திரைகளை ஒன்றாகத் தட்டில் வைத்து, வரும் எடையைப் பத்தால் வகுத்து, அந்தச் சராசரியை வைத்து விகிதம் போடுங்கள். பத்தை ஒன்றாக நிறுப்பதால் தராசின் பிழையும் பத்தில் ஒன்றாகக் குறைந்துவிடுகிறது.

ஒரே துண்டு ஒவ்வொரு முறையும் வேறு எடை காட்டுகிறது

முதலில் தலைக்கு மேலே பாருங்கள். மின்விசிறி ஓடுகிறதா? பட்டறையில் அப்பா எடை போடப் போகிறார் என்றால் யாரோ ஒருவர் எழுந்து போய் விசிறியை நிறுத்துவார். அது சொல்லாமலே நடக்கும் வேலை. அதைப் பார்த்து வளர்ந்த நான் அம்மாவின் மாத்திரையை எடை போட்டபோது விசிறியை நிறுத்த மறந்தேன். முதல் தவறு அது. நிறுத்திய பின் எண் ஆடுவது பாதியாகக் குறைந்தது.

விசிறி நின்ற பிறகும் ஆடினால் ஒவ்வொன்றாக விலக்குங்கள். பிளாஸ்டிக் மேசையைவிடச் சமையலறைக் கருங்கல் மேடை நல்லது. பக்கத்தில் மிக்சி ஓடக் கூடாது. கைபேசியைத் தராசுக்கு அருகே வைக்கக் கூடாது. குளிரூட்டிய அறையிலிருந்து தராசைக் கொண்டுவந்த உடனே நிறுக்காமல், போட்டுவிட்டுக் கால் மணி நேரம் காத்திருங்கள். மின்கலம் தளர்ந்தாலும் எண் அலையும்; அதுவே காரணமாக இருந்து ஒரு வாரம் அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

இவ்வளவும் செய்த பிறகு எஞ்சும் ஆட்டம்தான் உங்கள் தராசின் உண்மையான பிழை. கடையில் மில்லிகிராம் தராசு என்று விற்பது திரையில் 0.001 கிராம் வரை எண் காட்டும், அவ்வளவுதான். அந்தக் கடைசி எண் உண்மை என்று யாரும் உறுதி தருவதில்லை. ஒரே துண்டைப் பத்து முறை எடுத்து எடுத்து வைத்து எழுதிப் பாருங்கள். என்னுடையது மேலும் கீழும் 3 மி.கி. அலைந்தது. அந்த எண்ணைத் தராசின் முதுகில் ஒட்டி வைத்தேன். இனி வரும் கணக்கெல்லாம் அதை வைத்துத்தான்.

அன்றாடச் சோதனைக்கு ஒரு ரூபாய் நாணயம் போதும். 2011இல் வந்த வடிவம் 3.79 கிராம். தேய்ந்த காசு என்பதால் தராசைத் திருத்த அது உதவாது. ஆனால் ஒரே காசை ஒதுக்கி வைத்து தினமும் முதலில் அதை நிறுத்தால், தராசு நேற்றைப் போலவே இன்றும் பேசுகிறதா என்று தெரிந்துவிடும். திருத்துவதற்குத் தராசோடு வரும் எடைக்கல்லைத்தான் பயன்படுத்த வேண்டும். அதை விரலால் தொடாதீர்கள், இடுக்கியால் எடுங்கள்.

தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுகிறேன், எண் பூஜ்யத்திலேயே நிற்கிறது

இது தராசின் தந்திரம். விலை குறைந்த தராசுகள் தட்டு காலியாக இருக்கும்போது எண் அலையாமல் இருக்க, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரும் சிறு மாற்றங்களைத் தாமாகவே விழுங்கிவிடுகின்றன. கத்தி முனையால் ஒவ்வொரு மில்லிகிராமாகத் தட்டினால் ஐந்தாறு மி.கி. விழுந்த பின்னும் திரை 0.000 என்றே சொல்லும். நீங்களும் இன்னும் போடுவீர்கள்.

வழி எளிது. கிண்ணத்தை வைத்துவிட்டுப் பூஜ்யமாக்கும் பொத்தானை அழுத்தாதீர்கள். கிண்ணம் 1.252 என்று காட்டட்டும். அதன்மேல் தூள் போடுங்கள். 1.275 வந்தால் தூள் 23 மி.கி. கழித்தல் கணக்குப் போடும் சிரமம் மட்டுமே. ஐயம் வந்தால் கிண்ணத்தை எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். அப்போது வரும் எண்ணை நம்பலாம்.

தூள் குறைந்துகொண்டே போகிறது

ஒட்டியிருக்கும். பிளாஸ்டிக் கிண்ணத்தில் நிலைமின்சாரம் தூளைச் சுவரோடு பிடித்து வைக்கும். பட்டர் பேப்பரோ மெல்லிய அலுமினியத் தாளோ மடித்துப் படகு போல் செய்து நிறுங்கள். எடுக்கும் பகுதியை விட்டுவிட்டு அரத்தால் தேய்த்து உதிரும் தூளை நிறுக்கிறவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம், விழுங்கப் போவதை நிறுங்கள். மேசையில் சிந்தியது மேசையோடு போகட்டும். பட்டறையில் தரையைக் கூட்டிப் பொன்தூள் எடுப்பார்கள். இங்கே அந்தச் சிக்கனம் ஆகாது.

பாதியாக வெட்டினால் ஒன்று பெரிது, ஒன்று சிறிது

கோடு இருந்தால்கூட அப்படித்தான். இரண்டு பாதிகளையும் அடுத்தடுத்த நாள் போட்டுவிட்டால் இரண்டு நாளில் கணக்கு நேராகிவிடும். பெரும்பாலான அளவுகளில் இது போதும். வெட்டிய பாதிகளை ஒரு டப்பாவில் போட்டுக் கலந்து வைப்பதுதான் கெடுதல், எந்தப் பாதிக்கு எது துணை என்று தெரியாமல் போகும். நீடித்து வெளியிடும் மாத்திரைகளையும், வயிற்றில் கரையாமலிருக்கப் பூச்சுப் போட்டவற்றையும் வெட்டவோ பொடிக்கவோ கூடாது. வென்லாஃபாக்சின், டுலாக்சிடின் காப்ஸ்யூல்களில் உள்ள சிறு உருண்டைகளை எண்ணியோ நிறுத்தோ பிரிப்பது உண்டு. ஆனால் உருண்டையை நசுக்காமல் முழுதாக விழுங்க வேண்டும். அதை மருத்துவரிடம் காட்டி, அவர் சரி என்ற பிறகு தொடங்குங்கள்.

தராசு சரி, கணக்கு சரி. ஆனால் 2 மி.கி.க்குக் கீழே எல்லாமே தடுமாறுகிறது

தடுமாறத்தான் செய்யும். முதலில் சொன்ன 1.8 மி.கி.க்கு வேண்டிய தூள் 23.4 மி.கி. பழைய அளவையில் நான்கு நெல்லெடை ஒரு குன்றிமணி. ஆக நமக்கு வேண்டியது ஒரு நெல்லெடைகூட இல்லை. தராசின் பிழை 3 மி.கி. என்றால், அம்மா வாயில் போவது ஒருநாள் 1.57, மறுநாள் 2.03. அடுத்த படி 1.6 என்று மருத்துவர் எழுதுகிறார். அதாவது குறைக்க வேண்டிய அளவு 0.2; என் தராசின் பிழை 0.23. படியின் உயரத்தைவிடப் பிழை பெரிதாகிவிட்டது. குறைத்தோமா கூட்டினோமா என்றே சொல்ல முடியாத நிலை.

இந்த இடத்தில் தராசை மூட்டை கட்டிவிட்டு நீருக்கு மாறுங்கள். கடையில் தயார் திரவ மருந்து கிடைத்தால் அதுவே முதல் தேர்வு, மருந்தாளுநரிடம் கேளுங்கள். கிடைக்காவிட்டால் மருத்துவர் ஒப்புதலோடு வீட்டில் செய்யலாம். 5 மி.கி. எஸ்சிட்டலோப்ராம் மாத்திரை ஒன்றை நுண்ணிய தூளாக்கி, சிரிஞ்சால் அளந்த 10 மி.லி. நீரில் கலக்கினால் ஒவ்வொரு மி.லி.யிலும் 0.5 மி.கி. 1.8 மி.கி. என்பது 3.6 மி.லி. அடுத்த படியான 1.6 என்பது 3.2 மி.லி. 5 மி.லி. சிரிஞ்சில் 0.2 மி.லி.க்கு ஒரு கோடு என்பதால் இரண்டுமே கோட்டின்மேல் வந்து நிற்கும். கண் அரைக் கோடு பிசகினாலும் 0.05 மி.கி.தான். மாத்திரைக்கு மாத்திரை உள்ள எடை வேறுபாடு இதிலும் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். அதைக் குறைக்க இரண்டு மாத்திரையை 20 மி.லி.யில் கலக்கலாம். தினமும் புதிதாகக் கலக்கி, எடுத்தது போக மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். அம்மாவுக்கு அந்தக் கொட்டுதல்தான் கடைசி வரை மனம் ஒப்பவில்லை.

கலக்கிய நீரில் அடியில் வண்டல்

எந்த மருந்து என்பதைப் பொறுத்து இது கவலையில்லாத விஷயமாகவும் இருக்கலாம், மிகப் பெரிய ஆபத்தாகவும் இருக்கலாம். எஸ்சிட்டலோப்ராம் ஆக்சலேட் இந்த அளவு நீரில் கரைந்துவிடும். அடியில் தங்குவது பெரும்பாலும் கரையாத மாவும் மேல்பூச்சின் தோலும். குளோனாசெபாம் நேர்மாறு. அது நீரில் ஏறக்குறைய கரைவதே இல்லை. அங்கே அடியில் தங்கும் வண்டலோடு மருந்தும் தங்கிவிடுகிறது. மேலாக எடுத்தவருக்கு அன்று அரை அளவுகூடப் போகாது. அடியில் எடுத்தவருக்கு இரட்டிப்பாகப் போகும். வெறும் நீரில் எவ்வளவு குலுக்கினாலும் சிரிஞ்சை உறிஞ்சும் நேரத்துக்குள் இறங்கத் தொடங்கிவிடும். மருந்தாளுநர்கள் இதற்கென்று கெட்டியான தாங்கு திரவம் பயன்படுத்துகிறார்கள். அது கிடைக்காத வீட்டில் குளோனாசெபாமை உலர்ந்த தூளாகவே நிறுப்பது மேல். இங்கே ஓர் ஆறுதலும் உண்டு: 0.25 மி.கி. மாத்திரையும் நூறு மி.கி.க்குக் குறையாத எடையில் இருந்தால், அதன் பாதியும் ஐம்பது மி.கி. தூள் இருக்கும். மருந்தின் அளவு நுண்ணியது என்பதால் தூளும் நுண்ணியதாக இருக்க வேண்டியதில்லை. அதற்கும் கீழே போக வேண்டுமானால் வேறு வழியை மருத்துவரோடுதான் பேச வேண்டும்.

சிரிஞ்சில் சரியாகத்தான் எடுத்தேன், ஆனால் அளவு பல மடங்கு மாறிவிட்டது

என் மூன்று தவறுகளில் மோசமானது இது. சிறிய அளவுக்கு வசதியாக இருக்குமே என்று இன்சுலின் சிரிஞ்ச் வாங்கினேன். நம் ஊரில் இரண்டு வகை இன்சுலின் சிரிஞ்ச் கிடைக்கிறது. சிவப்பு மூடி யூ-40: அதில் 40 அலகு சேர்ந்தால் 1 மி.லி. ஆரஞ்சு மூடி யூ-100: அதில் 100 அலகு சேர்ந்தால் 1 மி.லி. "10 அலகு" என்பது ஆரஞ்சு மூடியில் 0.1 மி.லி., சிவப்பு மூடியில் 0.25 மி.லி. இரண்டரை மடங்கு. ஆரஞ்சு தீர்ந்த அன்று கடைக்காரர் சிவப்பைக் கொடுத்தார். நானும் பத்தாம் கோடு வரை இழுத்தேன். இரண்டு நாள் அம்மாவுக்குக் குமட்டல், தூக்கமின்மை. மூன்றாம் நாள் பழைய சிரிஞ்சையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பின்தான் புரிந்தது.

அலகுக் கோடு போட்ட எதையும் இந்த வேலைக்குத் தொடாதீர்கள். மி.லி. என்றே அச்சிட்ட சிரிஞ்சை, ஊசியைக் கழற்றி எறிந்துவிட்டுப் பயன்படுத்துங்கள். அழுத்துதண்டின் ரப்பர் தலை நீரைத் தொடும் விளிம்பைக் கோட்டோடு பொருத்திப் பாருங்கள். ரப்பரின் பின் விளிம்பைப் பார்த்தால் எப்போதும் ஒரே பக்கம் பிழை வரும். குமிழி இருந்தால் தட்டி மேலேற்றி வெளியே தள்ளுங்கள்.

அடுத்தது, நல்லெண்ணத்தால் வரும் தவறு. சிரிஞ்சைக் காலி செய்த பின் நீர் இழுத்துக் கழுவி அதையும் குடிக்கக் கொடுப்பது. சிரிஞ்சின் மூக்கில் எப்போதும் கொஞ்சம் திரவம் தங்கும். அது அளந்த அளவுக்கு வெளியே இருப்பது; தண்டு முழுவதும் போனபோதே உரிய அளவு வாய்க்குள் போய்விட்டது. கழுவிக் கொடுத்தால் அந்த மூக்குத் துளியும் சேர்ந்துபோகும். 3.6 மி.லி. எடுக்கும்போது அது ஒரு பொருட்டில்லை. 0.2 மி.லி. எடுக்கும்போது தங்கும் 0.05 மி.லி. கால் பங்கு. இதனால்தான் அளக்கும் நீரைச் சிரிஞ்சின் பாதிக்கு மேல் வரும்படி கரைசலை நீர்க்க வைத்துக்கொள்ள வேண்டும்.

சொட்டு எண்ணுவதும் தேக்கரண்டியும் வேண்டாம். சாய்க்கும் கோணத்துக்கு ஏற்பச் சொட்டின் அளவு மாறும்.

புது அட்டை பிரித்த நாளிலிருந்து சரியில்லை

கடையில் வேறு நிறுவனத்து மாத்திரை கொடுத்திருக்கலாம். மருந்து ஒன்றே, அளவும் ஒன்றே, மாவு வேறு. என் இரண்டாம் தவறு: 130 மி.கி. மாத்திரைக்குப் போட்ட கணக்கை 204 மி.கி. மாத்திரைக்கும் அப்படியே வைத்துக்கொண்டேன். நிறுத்த எடை மாறவில்லை, அம்மாவுக்குப் போன மருந்து மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துபோனது. இப்போது ஒரே நிறுவனம், ஒரே தொகுதி எண் பார்த்து இரண்டு மாதத்துக்குச் சேர்த்து வாங்குகிறேன். புதிய தொகுதி வந்தால் பத்து மாத்திரையை எடை போடுவது மறுபடி முதலிலிருந்து.

அளவெல்லாம் சரி, உடம்புதான் சரியில்லை

தலைசுற்றல், கண்ணைத் திருப்பினால் மண்டைக்குள் மின்சாரம் சுண்டியது போன்ற உணர்வு, காரணமில்லாத எரிச்சல், கலங்கிய கனவுகள். எஸ்சிட்டலோப்ராமின் பாதி ஆயுள், அதாவது இரத்தத்தில் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம், சுமார் 30 மணி நேரம். அளவை மாற்றினால் இரத்தத்தில் புதிய நிலை வர ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். ஆகவே நேற்றுப் பிசகிய அளவுக்கு இன்றே பழி போட முடியாது; போன வாரக் குறிப்பையும் புரட்டுங்கள். அளவைக் குறைக்க ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை என்றால் மருந்து பாதிக்கும் கீழே இறங்கி மறுபடி ஏறும். தினமும் ஒரே சிறிய அளவு அதைவிட உடம்புக்குச் சாந்தம். தினமும் ஒரே பக்கம் ஐந்து சதவீதம் பிசகினால்கூட உடம்பு அதற்குப் பழகிக்கொள்கிறது. இன்று மேலே, நாளை கீழே என்று அலைவதைத்தான் அம்மாவால் தாங்க முடியவில்லை.

தேதி, மாத்திரைத் தொகுதி, எடை அல்லது மி.லி., அன்றைய உடல்நிலை என்று நான்கு கட்டம் போட்ட நோட்டை மருத்துவரிடம் கொண்டுபோனால், அவர் முந்தைய படிக்குத் திரும்பச் சொல்வதா காத்திருக்கச் சொல்வதா என்று ஐந்து நிமிடத்தில் முடிவெடுப்பார். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் சந்திப்பு நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவரையோ மருத்துவமனையையோ நாடுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனாஸ் எண் 14416, எந்த நேரமும் தமிழிலும் பேசலாம்.

இன்று போட்டோமா இல்லையா என்று நினைவில்லை

தூளாக நிறுக்கும் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு நாளைக்கும் சேர்த்து நிறுத்து, நாட்டு மருந்துக் கடையில் மடிப்பது போல ஏழு பொட்டலம் மடித்து, மேலே கிழமை எழுதி வைத்தேன். காலிக் காகிதம் இருந்தால் போட்டாயிற்று. நீருக்கு மாறிய பின் அது முடியாது என்பதால், காலி சிரிஞ்சைக் கழுவி நாட்காட்டியின் அன்றைய தாளுக்குக் கீழே வைப்பது எங்கள் வழக்கமானது. எதுவும் இல்லாமல் ஐயம் வந்தால் எஸ்சிட்டலோப்ராமை மறுபடி போட வேண்டாம். மறுநாள் வழக்கமான நேரத்துக்கு வழக்கமான அளவு போதும், இரட்டிப்பு கூடாது. மற்ற மருந்துகளுக்கு விடை வேறாக இருக்கலாம். இந்தக் கேள்வியை முதல் சந்திப்பிலேயே கேட்டு, விடையை நோட்டின் முன் அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.